கெரெபாகுபாய் மெருவின் அடியில் ஓர் இரவு

வெனிசுவேலாவின் தென்கிழக்கில், பொலிவார் மாநிலத்துக் காடுகளுக்கு நடுவே நிற்கும் அவுயான் தெப்புயி என்ற மேசைமலையின் விளிம்பிலிருந்து விழும் அருவியே உலகின் மிக உயரமான அருவி என்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அதன் மொத்த உயரம் 979 மீட்டர்; அதில் 807 மீட்டர் நீர் நேராக இறங்கும் ஒரே வீழ்ச்சி. கர்நாடகத்தின் ஜோக் அருவி 253 மீட்டர் உயரம் உடையது என்பதால், அதைப்போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இந்த ஒரு வீழ்ச்சிக்கு ஈடாகாது. எனினும் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அருவியின் உயரத்தை அன்று. அதன் அடியில் பயணிகள் இரவு தங்கும் முறையை. சாலை எட்டாத, விடுதி எழாத அந்த ஆற்றங்கரையில், சுவரில்லாத கொட்டகையில் தூளி கட்டித் தூங்குவது சாகசப் பிரியர்கள் தமக்காக உண்டாக்கிக்கொண்ட வழக்கம்போலத் தோன்றலாம். உண்மையில் அது ஆறும் மழையும் மேகமும் சேர்ந்து விதித்த ஏற்பாடு; அந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி அந்நிலத்தின் தொல்குடியினரான பெமோன் மக்களின் பட்டறிவிலிருந்து வந்தது.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. உலக வரைபடங்களில் 'ஏஞ்சல் அருவி' என்றும் ஸ்பானிய மொழியில் 'சால்தோ ஆன்ஹெல்' என்றும் குறிக்கப்படும் இதனைத் தமிழில் 'தேவதை அருவி' என்று பெயர்ப்பது பிழை. ஏஞ்சல் என்பது ஜிம்மி ஏஞ்சல் என்ற அமெரிக்க விமானியின் குடும்பப்பெயர். விண்ணுலகத் தேவதைக்கு இதில் பங்கில்லை. பெமோன் மொழியில் இதன் பெயர் கெரெபாகுபாய் மெரு. 'மெரு' என்றால் அருவி. முழுப்பெயருக்கு 'மிக ஆழமான இடத்தின் அருவி' என்று பொருள் சொல்லப்படுகிறது. வானிலிருந்து பார்த்தவர்கள் உயரத்தை வியந்தார்கள். ஆற்றின் வழியே வந்தவர்களோ தாம் நின்ற பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2009-இல் அன்றைய அதிபர் ஊகோ சாவேஸ் இனி இந்தப் பெயரே வழங்கவேண்டும் என்று அறிவித்தார். அறிவிப்பு நியாயமானதுதான், ஆனால் பயண ஏற்பாட்டாளர்களின் பலகைகளில் இன்றும் பெரிய எழுத்தில் இருப்பது விமானியின் பெயரே.

அந்த விமானியின் கதையைப் பயணம் தொடங்கும் இடத்திலேயே காணலாம். ஓரினோகோ ஆற்றங்கரை நகரமான சியுடாட் பொலிவாரின் விமான நிலையத்துக்கு முன்னால், ஒற்றை இயந்திரம் பூட்டிய பழைய உலோக விமானம் ஒன்று நிறுத்தப்பட்டிருக்கிறது. தங்கம் தேடி அப்பகுதியில் பறந்துகொண்டிருந்த ஜிம்மி ஏஞ்சல் 1933-இல் அருவியைக் கண்டார். பின்னர் 1937 அக்டோபர் 9 அன்று, 'எல் ரியோ கரோனி' என்று பெயரிடப்பட்ட இந்த ஃபிளமிங்கோ வகை விமானத்தில் தம் மனைவி மரியுடனும் மேலும் இருவருடனும் மலையுச்சியில் இறங்கினார். மேலிருந்து பார்க்கும்போது உறுதியான தரையாகத் தெரிந்தது உண்மையில் சதுப்பு நிலம். சக்கரங்கள் சேற்றில் புதைந்தன, விமானம் மீண்டும் எழவில்லை. நால்வரும் 11 நாள் நடந்து, மலையிறங்கிக் கமராட்டாப் பள்ளத்தாக்கை அடைந்தனர். விமானம் மட்டும் 33 ஆண்டுகள் மலைமேலேயே கிடந்து, 1970-இல் ஹெலிகாப்டர் மூலம் இறக்கப்பட்டது. தேடிய தங்கம் அகப்படவில்லை. ஆனாலும் சேற்றில் சிக்கிய ஒரு தரையிறக்கத்துக்கு இத்தனை பெரிய நினைவுச்சின்னம் வேறெங்கும் வாய்த்திருக்காது.

அருவிக்கான நுழைவாயிலாகிய கனாயிமா கிராமத்துக்கு வெளியுலகிலிருந்து சாலை கிடையாது. சியுடாட் பொலிவாரிலிருந்தோ புவர்த்தோ ஓர்தாசிலிருந்தோ சிறு விமானங்களில்தான் செல்லவேண்டும். கர்ராவோ ஆறு பல அருவிகளாகப் பிரிந்து விழும் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் அந்தக் கிராமம் அமைந்திருக்கிறது. ஆற்றுநீரின் நிறமே முதல் வியப்பு. உள்ளங்கையில் அள்ளினால் இளமஞ்சளாகவும், முழங்கால் ஆழத்தில் தேநீர் நிறமாகவும், நடு ஆற்றில் கடுங்காப்பியாகவும் தெரியும் அந்த நீர் அழுக்கானதன்று. அழுகும் இலைகளிலிருந்தும் மரப்பட்டைகளிலிருந்தும் ஊறும் 'டானின்' என்ற துவர்ப்புப் பொருள்தான் அந்த நிறத்துக்குக் காரணம். தேயிலை வெந்நீரில் இறங்குவதும் இதே செயல்தான். சத்துக் குறைந்த மணற்பாறைமீது ஓடிவருவதால் நீரில் வண்டலும் உப்பும் மிகக் குறைவு.

கனாயிமாவிலிருந்து அருவியடிவரை படகுப் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்; நீர்மட்டத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். படகின் பெயர் 'குரியாரா'. ஒரே பெருமரத்தைக் குடைந்து, நெருப்புக் காட்டி அகட்டிச் செய்யப்படும் இந்த ஒற்றைமரத் தோணியில் குறுக்குப் பலகைகளே இருக்கைகள். தமிழகக் கடற்கரையில் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையைக் கடையால் என்றும் சொல்வார்கள். குரியாராவிலும் பயணத்தின் உயிர் இந்த இரு முனைகளிலேயே இருக்கிறது. கடையாலில் இருப்பவர் விசைப்பொறியை இயக்குகிறார். அணியத்தில் இருப்பவர் கையில் துடுப்புடன் நீரின் மேற்பரப்பைப் படித்துக்கொண்டே வருகிறார். நீர் கண்ணாடிபோல வழுக்கி வளையும் இடத்தில் அடியில் பாறை இருக்கிறது. சிற்றலைகள் நெருங்கிக் குதிக்கும் இடத்தில் ஆழம் குறைவு. இரண்டுக்கும் இடையே நாக்குப்போல நீளும் கரிய பட்டைதான் படகின் வழி. அணியத்துக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை, குரல் கொடுப்பதுமில்லை. இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது. கையை இடப்புறமோ வலப்புறமோ சற்றே நீட்டினால் போதும், கடையாலில் இருப்பவர் படகைத் திருப்பிவிடுகிறார். மயூப்பா என்ற இடத்து விரைவோட்டத்தில் பயணிகளை இறக்கி, புல்வெளி வழியே அரைமணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டு, பாரம் குறைந்த படகை அவர்கள் இருவருமே மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள்.

கர்ராவோவிலிருந்து பிரிந்து சுரூன் ஆற்றுக்குள் நுழைந்ததும் இருபுறமும் மலைச்சுவர்கள் நெருங்கிவிடுகின்றன. 'தெப்புயி' என்பது பெமோன் மொழியில் மலையைக் குறிக்கும் சொல். புவியியலாளர் அதனைச் செங்குத்தான பக்கங்களும் தட்டையான உச்சியும் கொண்ட இப்பகுதி மேசைமலைகளுக்கே உரிய கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டனர். ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்து இறுகிய மணற்கல் அடுக்கு ஒரு காலத்தில் பரந்த பீடபூமியாக இருந்தது. மழையும் ஆறும் அதன் வெடிப்புகளை அரித்து அகலப்படுத்த, அரிபடாமல் எஞ்சிய துண்டுகளே இன்றைய தெப்புயிகள். அவற்றுள் அவுயான் தெப்புயியின் உச்சிப்பரப்பு சுமார் 700 சதுர கிலோமீட்டர். அருவிக்கு நீர் தருவது பனியுமன்று, ஏரியுமன்று. அந்த உச்சியில் பெய்யும் மழை மட்டுமே.

முகாமின் அமைப்பை இந்த ஓர் உண்மையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். உச்சியில் மண் மிகக் குறைவு, பெரும்பகுதி வெற்றுப்பாறை. மழைநீரை உறிஞ்சித் தேக்கிவைக்க எதுவும் இல்லாததால் பெய்தது பெய்தபடியே விளிம்பை நோக்கி ஓடிவருகிறது. மாலையில் மலைமேல் கனமழை கொட்டினால் இரவுக்குள் கீழே ஆறு ஏறிவிடும். மழை விட்டால் அதே வேகத்தில் வடியும். ஆகவே நீரோரத்து மணல்திட்டில் கூடாரம் அடிப்பது, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அறிவுடைமையன்று. ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல்வரையிலான வறண்ட மாதங்களிலோ சிக்கல் தலைகீழாகிறது. சுரூன் ஆற்றில் தோணி மிதக்கும் அளவுக்கு நீர் இருப்பதில்லை. அருவியும் மெலிந்து, பாதிவழியிலேயே புகையாகக் கலைந்துவிடுகிறது. அருவி நிறைந்திருக்கும் காலமும், அதனை அடைய முடிகிற காலமும், அதனை மேகம் மறைக்கும் காலமும் ஒன்றே என்பதுதான் இந்தப் பயணத்தின் அடிப்படை முரண். பகலில் வந்து ஒருமணி நேரம் நின்று திரும்புகிறவர் வெள்ளைத் திரையை மட்டும் பார்த்துவிட்டுப் போக நேரலாம். அந்தத் திரை எப்போது விலகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் காத்திருக்கவேண்டும், காத்திருக்கத் தங்கவேண்டும்.

தங்குமிடங்கள் 'இஸ்லா ரத்தோன்' என்று ஸ்பானியத்தில் வழங்கும் சுண்டெலித் தீவின் அருகே, அருவி கண்ணுக்கு நேராகத் தெரியும் கரையில் அமைந்திருக்கின்றன. மேட்டில் நட்ட மரத்தூண்கள், மேலே தகரக் கூரை, சுவர் இல்லை. தூணுக்குத் தூண் குறுக்கே ஓடும் உத்தரங்களில் வரிசையாகத் தூளிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொசுவலை உண்டு. தரைக் கூடாரத்தைக் காட்டிலும் தூளி இங்கே பொருந்துவதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை: ஈரத்தரையில் உடல் படுவதில்லை, எறும்பும் தேளும் எளிதில் ஏறுவதில்லை, திடீரென நீர் தேங்கினாலும் தூக்கம் கெடுவதில்லை. ஆங்கிலம் உட்படப் பல ஐரோப்பிய மொழிகள் இந்தப் படுக்கைக்கு வழங்கும் பெயர், கரீபியத் தீவுகளின் தாயீனோ மக்கள் வழங்கிய 'ஹமாக்கா' என்ற சொல்லின் வழிவந்தது. தமிழில் தூளியும் ஏணையும் குழந்தைக்கு உரியவை. தென்னமெரிக்காவில் அவை வாழ்நாள் முழுவதும் உடன் வருகின்றன. துணியால் ஆனது ஹமாக்கா. வலையாகப் பின்னப்பட்டது 'சிஞ்சோர்ரோ'. பின்னலுக்கான நார் மரபாக 'மொரிச்சே' என்ற பனையின் இளங்குருத்திலிருந்து உரித்து எடுக்கப்படுகிறது.

தூளியில் படுப்பதற்கு ஒரு முறை உண்டு. பழக்கமில்லாதவர் அதன் நீளவாக்கில் கால்நீட்டிப் படுத்துவிடுகிறார். உடல் வாழைப்பழம்போல வளைந்து, நள்ளிரவுக்குள் முதுகு வலிக்கத் தொடங்குகிறது. தலையை ஒரு மூலைக்கும் காலை எதிர்மூலைக்குமாகத் தள்ளி மூலைவிட்டத்தில் படுத்தால், துணி பக்கவாட்டில் விரிந்து முதுகுக்கு ஏறத்தாழ தட்டையான தளம் கிடைக்கும். அதற்கேற்பக் கட்டும்போதே துணியை விறைப்பாக இழுக்காமல் தொய்வு விடவேண்டும். இன்னொரு செய்தியையும் பலர் இரவில்தான் அறிகிறார்கள்: தூளியில் குளிர் கீழிருந்து வரும். படுக்கைக்கு அடியில் காற்று தடையின்றி ஓடுவதால் உடற்சூடு முதுகுவழியே கசிந்துவிடுகிறது. ஆகவே போர்வையின் ஒரு மடிப்பு மேலேயும் ஒரு மடிப்பு முதுகுக்கு அடியிலும் இருக்கவேண்டும். கன்னியாகுமரியைவிட நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை நெருக்கமான ஓரிடத்தில் குளிருக்கு என்ன வேலை என்று எண்ணி வருபவர்கள், மழையில் நனைந்த பள்ளத்தாக்கில் விடியற்காலை ஒரு மணிநேரத்தைக் கழித்தபின் அப்படிக் கேட்பதில்லை.

இரவு உணவு பெரும்பாலும் கோழி. முழுக்கோழியை நீண்ட குச்சியில் கோத்து, விறகு நெருப்பைச் சுற்றி மண்ணில் சாய்வாக ஊன்றி, அனலில் மெல்ல வாட்டுகிறார்கள். கொழுப்பு சொட்டும்போதெல்லாம் நெருப்பு ஒருமுறை சீறி அடங்கும். உடன் வருவது 'கசாபே' என்ற மரவள்ளி அப்பளம். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து கடல்வழி உலகெங்கும் பரவிய கிழங்கு. சேலம், நாமக்கல் பகுதிகளில் குச்சிக்கிழங்கு என்ற பெயரில் பயிராகி ஜவ்வரிசியாவதும் அதுவே. ஆனால் பெமோன் மக்கள் பயிரிடும் கசப்பு மரவள்ளியில் சயனைடு நஞ்சு உண்டாக்கும் பொருள் மிகுதி. கிழங்கைத் துருவி, 'செபுகான்' என்ற நீண்ட பின்னல் குழாயில் திணித்து, குழாயின் ஒரு முனையைக் கட்டித் தொங்கவிட்டு மறுமுனையை இழுத்தால், குழாய் நீண்டு குறுகிச் சாற்றை வெளியேற்றிவிடும்; எஞ்சிய மாவைச் சட்டியில் பரப்பிச் சுடுகிறார்கள். பிழிந்த சாற்றையும் வீணாக்குவதில்லை: நெடுநேரம் கொதிக்கவைத்து நஞ்சை நீக்கி, மிளகாய் சேர்த்துக் காரக்குழம்பாக்கிக் கொள்கிறார்கள். உணவாவதற்கு முன் இத்தனை படிகளைக் கேட்கும் ஒரு நச்சுக்கிழங்கை மனிதர் முதலில் எவ்வாறு உண்ணத் துணிந்தனர் என்பது, அருவியின் உயரத்தைவிட வியப்புக்குரியது என்றே சொல்லலாம்.

மின்னாக்கி நின்றதும் முகாம் இருண்டுவிடுகிறது. காதில் முதலில் விழுவது அருவியின் ஒலியன்று. அருகே ஓடும் சுரூன் ஆற்றின் சலசலப்பும் தவளைகளும். அருவியின் ஒலி அதற்கும் பின்னால், விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக, தொலைவில் ஓயாமல் போகும் ரயில்போல நிற்கிறது. மழை வந்தால் தகரக் கூரையின் ஓசையில் இரண்டும் மறைகின்றன. நிலவுள்ள இரவில் மேகம் விலகினால், மலைச்சுவரின் கருமையில் வெண்ணிறக் கோடு ஒன்று தனியே தெரியும்; அப்போது தூளியை விட்டு இறங்காமலே அருவியைக் காணலாம் என்பது இந்த முகாமுக்கே உரிய சலுகை. அருவியின் முகம் கிழக்கு நோக்கியிருப்பதால் விடியலின் முதல் வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. மேகம் திரளுமுன் கிடைக்கும் அந்தக் காலைப்பொழுதுதான், பகற்பயணிகளுக்குக் கிட்டாத காட்சி.

முகாமிலிருந்து அருவியின் எதிர்மேட்டுக்குக் காட்டுப்பாதையில் ஒருமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏறவேண்டும். பாதை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பாறைகளைக் கவ்விப் பின்னிக்கிடக்கும் மரவேர்கள்தான். மண் கழுவப்பட்டுவிட்டதால் வேர்களே படிகளாகின்றன, நனைந்திருந்தால் அவையே வழுக்கியும் விடுகின்றன. ஏறிச்சேரும் பாறைமேட்டின் பெயர் 'மிராதோர் லைமே', அதாவது லைமே காட்சிமேடு. லாட்வியா நாட்டில் பிறந்து வெனிசுவேலாவில் குடியேறிய அலெக்சாந்தர்ஸ் லைமே 1946-இன் இறுதியில் அருவியின் அடியை நடந்தே அடைந்தவர். அவரையே வழிகாட்டியாகக் கொண்டு, அமெரிக்கப் பத்திரிகையாளர் ரூத் ராபர்ட்சன் 1949 மே மாதம் ஒரு குழுவுடன் இங்கு வந்து, அளவைக் கருவிகொண்டு அருவியை முதன்முறையாக முறைப்படி அளக்கச் செய்தார். 979 மீட்டர் என்ற எண் அந்தப் பயணம் தந்தது. அதே ஆண்டு நவம்பரில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்த அவரது கட்டுரையால் அருவி உலகப் புகழ் பெற்றது. அவர்களுக்காகத் தோணி செலுத்தியவர்களும் சுமை தூக்கியவர்களும் பெமோன் மக்களே. மேட்டுக்கு லைமேயின் பெயர், அருவிக்கு ஏஞ்சலின் பெயர். அணியத்தில் நின்று நீரைப் படித்தவர் எவருடைய பெயரும் எந்தப் பாறைக்கும் சூட்டப்படவில்லை.

மேட்டில் நிற்கும்போது கழுத்தை முழுவதும் அண்ணாந்தால்தான் விளிம்பு தெரிகிறது. நீர் ஒரே தாரையாக வருவதில்லை. விளிம்பைத் தாண்டியதும் கட்டிகட்டியாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டியும் வால்மீன்போல முனை கூர்ந்து, பின் அதுவும் சிதறித் தூவானமாகிறது; பாதி உயரத்தில் எது நீர், எது மேகம் என்று பிரித்தறிய இயலாது. ஒரு கட்டியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கூடவே இறங்க முயன்றால், அது தரையை அடையுமுன்பே காணாமல் போய்விடும்.

இந்த நீரின் தொடர்ச்சி காட்டோடு முடிவதில்லை. சுரூன் கர்ராவோவிலும், கர்ராவோ கரோனியிலும், கரோனி ஓரினோகோவிலும் கலக்கின்றன. கரோனியின் குறுக்கே கட்டப்பட்ட, 10,000 மெகாவாட்டுக்கு மேல் திறனுடைய குரி அணைதான் வெனிசுவேலாவின் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தருகிறது. 1962-இல் நிறுவப்பட்ட கனாயிமா தேசியப் பூங்கா 1975-இல் 30,000 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டதற்கு அந்த நீர்ப்பிடிப்பைக் காப்பதும் ஒரு காரணம். 1994-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இத்தனைக்கும் பிறகு, தங்கச் சுரங்கங்கள் ஓரினோகோவின் தென்பகுதியெங்கும் பெருகிவிட்டன. 2016-இல் அரசே 1,11,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சுரங்க மண்டலமாக அறிவித்தது. பூங்காவின் எல்லைக்குள்ளும் குழிகள் தோண்டப்பட்டிருப்பது செயற்கைக்கோள் படங்களில் பதிவாகியுள்ளது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் ஆற்றில் இறங்கினால் மீனில் சேரும், மீனிலிருந்து மனிதருக்கு வரும். நாட்டின் பொருளாதாரம் சரிந்து பயணிகள் வரத்துக் குறைந்தபோது பூங்காவைச் சேர்ந்த பெமோன் மக்களிலும் சிலர் சுரங்கத்தை நாடினர். படகோட்டியும் முகாம் நடத்தியும் கிடைத்த வருமானம் நின்றபின் அவர்களைக் குறைகூறுவதற்கு வெளியார்க்கு உரிமையில்லை. ஆற்றில் குரியாராக்கள் ஓடுவது அந்த ஆற்றின் காவலுக்கும் ஒரு வழியாகும்.

ஆதலால் கெரெபாகுபாய் மெருவைக் காண விரும்புவோர் ஜூனுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட மாதங்களைத் தேர்ந்து, காலையில் சென்று மாலையில் திரும்பும் பயணத்தைத் தவிர்த்து, பெமோன் குடும்பங்கள் நடத்தும் முகாமில் ஓர் இரவையாவது, முடிந்தால் இரண்டு இரவுகளையாவது ஒதுக்குவது நல்லது. மாற்றுடையை நீர்புகாத பையில் கட்டிக்கொள்ளவேண்டும். தடித்த போர்வை ஒன்று கட்டாயம். தூளியில் மூலைவிட்டமாகப் படுக்கவேண்டும்.